பின்னால் நின்று பிடிப்பவர்கள்

பாப்பா,

இதைப் பிரித்தவுடன் யாரோ சின்னப் பிள்ளை எழுதியது என்று நினைத்திருப்பாய். நான்தான், உன் நைனா. கோடு போட்ட நோட்டில்தான் எழுதுகிறேன், ஆனாலும் எழுத்துகள் கோட்டில் நிற்க மாட்டேன் என்கின்றன. ஒன்று பூசணிக்காய் மாதிரி இருக்கும், பக்கத்தில் இருப்பது எள்ளு மாதிரி இருக்கும். பேனாவை ரொம்ப அழுத்துகிறேன் என்று டீச்சர் சொல்கிறார். தாளின் பின்பக்கத்தைத் தடவிப் பார், உனக்கே தெரியும். நாற்பது வருஷம் மூட்டை தூக்கிய கைக்கு இவ்வளவு லேசான பொருளை எப்படிப் பிடிப்பது என்று இன்னும் பழகவில்லை. மன்னித்துக்கொண்டு படி. எனக்கு ஒரு பக்கம் எழுத இரண்டு மணி நேரம் ஆகிறது, அதனால் நீயும் அவசரப்படாமல் படி. மாப்பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லாதே. முதல் தடவை நீ மட்டும் தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டும்.

போன வாரம் வளைகாப்பு பற்றிப் பேசும்போது நீ போனில் சொன்னதற்குப் பதில் இது. பிரசவம் சென்னையிலேயே, பெரிய ஆஸ்பத்திரியில்தான் என்றாய். உன் உடம்புக்கு அதுதான் சரி, அதில் எனக்கு ஒரு பேச்சும் இல்லை. கடைசி இரண்டு மாதம் கூடவே ஒரு ஆள் இருக்க வேண்டும், கால் வீங்குகிறதா, பிரஷர் ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதையும் சொன்னாய். உன் மாமியாருக்கு முழங்கால் முடியாது. அப்புறம் இப்படிச் சொன்னாய்: "நீ வேணா வந்து இரு நைனா. அம்மா வேணாம். நான் ஆள் வச்சிக்கிறேன். அது கையால ஒரு மாத்திரை வாங்கி முழுங்க என்னால முடியாது." போனை வைத்தபோது உன் அம்மா அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "இன்னா சொல்றா?" என்றாள். "அங்க வெயில் ஜாஸ்தியாம்" என்றேன். "பொங்கல் முடிஞ்சி பத்து நாள் ஆவுது. இன்னா வெயிலு?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஐந்து வருஷமாக நீ அவளோடு பேசுவது ஆமாம், இல்லை, சரி என்ற மூன்று வார்த்தைதான். பொங்கலுக்கு வந்தாலும் ஒரு நாள்தான் இருப்பாய், சோற்றை நீயே போட்டுக்கொள்வாய். அதற்கு என்ன காரணம் என்று உனக்குத் தெரியும் என்று நீ நினைக்கிறாய். உனக்குத் தெரிந்தது தப்பு. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் அதற்கு முன்னால் வேறொன்றைச் சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைக்கிறான் கிழவன் என்று நினைக்காதே. எனக்கு அந்த வழியாக வந்துதான் புரிந்தது.

நான் பள்ளிக்கூடம் போகிறேன் என்று சொன்னதும் நீ சிரித்தாய். சாயங்காலம் நாலு மணிக்கு, பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு, அவர்கள் பெஞ்சில் நாங்கள் உட்காருகிறோம். பதினோரு பெண்கள், நானும் இன்னொரு ஆம்பளையும். பெஞ்சு சின்னது, என் முழங்கால் மேஜையில் இடிக்கும். இந்த எட்டு மாதத்தில் எனக்கு நடந்ததை எப்படிச் சொல்வது? ஊர் முழுக்கப் பேசிக்கொண்டே இருந்திருக்கிறது, எனக்குத்தான் காது கேட்கவில்லை. அவலூர்பேட்டை என்று பஸ் நெற்றியில் எழுதியிருந்ததை நான் படித்து முடிப்பதற்குள் பஸ் போய்விட்டது. தப்பாகப் படிக்கவில்லை என்ற சந்தோஷத்தில் நின்று சிரித்தேன், அடுத்த பஸ்ஸில் போனேன். கோட்டைக்குப் போகிற வழியில் ஒரு பலகை இருக்கிறதே, இங்கே எச்சில் துப்பாதீர்கள் என்று எழுதியிருக்கிறது. இத்தனை வருஷமாக அதன் அடியிலேயே துப்பியிருக்கிறேன்.

டீச்சர் செய்தித்தாளை வெட்டி ஆளுக்கு ஒரு துண்டு கொடுப்பார். மற்றவர்கள் ராசிபலன், சமையல் என்று கேட்டு வாங்குவார்கள். எனக்கு உடம்பைப் பற்றி ஏதாவது கொடுங்கள் என்றேன். அரைப் பக்கம் கொடுத்தார். அதைப் படிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. நம் உடம்பில் நோயை எதிர்க்கிற சக்தி, தன் உடம்பையே ஏன் அடிக்காமல் இருக்கிறது என்பதுதான் விஷயம். அதைக் கண்டுபிடித்த மூன்று பேருக்குப் போன வருஷம் உலகத்திலேயே பெரிய பரிசு கொடுத்தார்களாம். நீ படித்தவள், உனக்கு வந்த நோயே அப்படித் தன் உடம்பையே அடிப்பதுதான், உனக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும். இருந்தாலும் நான் எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். எங்காவது தப்பாக இருந்தால் சிவப்புப் பேனாவில் திருத்தி அனுப்பு.

நெஞ்சுக் கூட்டுக்குள் தைமஸ் என்று சின்னதாக ஒரு சுரப்பி இருக்கிறது. கிருமியை அடிக்கிற டி செல்கள் அங்கேதான் தேர்ச்சி பெறுகின்றன. சொந்த உடம்பைப் பார்த்துப் பாய்கிற செல் எதுவோ அதை அங்கேயே ஒழித்துவிடும். அதோடு வேலை முடிந்தது என்றுதான் ரொம்ப காலம் நினைத்திருந்தார்கள். பிறகு ஒருவர் எலிக்குட்டிகளை வைத்துப் பார்த்திருக்கிறார். குட்டி பிறந்த மூன்றாம் நாள் அந்தச் சுரப்பியை எடுத்துவிட்டார்கள். எதிர்ப்புச் சக்தி குறைந்து குட்டி நோஞ்சானாகப் போகும் என்றுதானே நினைப்போம்? நடந்தது வேறு. எதிர்ப்புச் சக்தி வெறி பிடித்துத் தன் உடம்பையே தின்ன ஆரம்பித்தது. வேறொரு நல்ல எலியின் செல்களை எடுத்து ஏற்றியதும் அடங்கிவிட்டது. அப்படியென்றால் அந்தச் செல்களுக்குள் அடிக்கிறவர்கள் மட்டும் இல்லை, அடிக்கிறவரைப் பிடித்து நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அவர் சொன்னதைப் பல பேர் நம்பவில்லையாம். விடாமல் தேடி அந்தச் செல்கள் எவை என்று தனியாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார். மற்ற இரண்டு பேர், தோல் உரிந்து சீக்கிரமே செத்துப்போகிற ஒரு வகை எலியில் எந்த ஜீன் கெட்டிருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்தார்கள். பிடிக்கிற செல்கள் உருவாக அந்த ஜீன்தான் வேண்டும் என்பது அப்புறம் தெரிந்திருக்கிறது.

இந்த இடம் வந்ததும் நான் வகுப்பில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். முன் பெஞ்சு பட்டம்மா திரும்பிப் பார்த்து, "இன்னாய்யா, ரெண்டாங்கல்யாணம்னு ராசிபலன்ல போட்டுக்குதா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் வந்து என்னவென்று கேட்டார். "இந்த வேலைய நான் இருவத்திரண்டு வருஷம் பாத்தேன் டீச்சர்" என்றேன்.

உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் என் கையால் எழுதிப் பார்க்க ஆசையாக இருக்கிறது. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் கடைசியாகப் படுகளம் நடக்கும் அல்லவா? காலையில் மைதானத்தில் மண்ணால் துரியோதனனை மல்லாக்கப் படுக்கவைத்திருப்பார்கள். வீமன் வேஷம் கட்டியவரும் துரியோதனன் வேஷம் கட்டியவரும் அதைச் சுற்றி ஓடிச் சண்டை போடுவார்கள். வீமனுக்கு ஆவேசம் வந்துவிட்டால் எதிரில் நிற்கிறவர் யார் என்று அவருக்குத் தெரியாது. அதனால் அவர் இடுப்பில் ஒரு துண்டை முறுக்கிக் கட்டி, அதைப் பின்னால் இருந்து பிடித்துக்கொண்டு ஓட ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நான். எனக்கு வேஷம் கிடையாது, பாட்டு கிடையாது, மாலை கிடையாது. ஜனங்கள் யாரும் என்னைப் பார்க்க மாட்டார்கள். முதல் வருஷம் பயத்தில் இறுக்கிப் பிடித்துவிட்டேன். வீமன் திரும்பி, "யோவ், சந்தைக்கு மாடு இழுத்துக்கினு போற மாதிரி இழுத்தா நான் எப்டியா ஆடறது? ஜனம் சிரிக்குது" என்று திட்டினார். இன்னொரு வருஷம் கால் தடுக்கித் துண்டை ஒரு நொடி விட்டுவிட்டேன். கட்டையால் துரியோதனன் தோளில் விழுந்தது ஒரு அடி. துரியோதனன் வேறு யாருமில்லை, வீமன் கட்டியவருடைய சொந்த மச்சான். ஆவேசம் இறங்கியதும் வீமன் மண்ணில் உட்கார்ந்து, "நானா அடிச்சேன், நானா அடிச்சேன்" என்று அழுதார். அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. அவர் கெட்டவரும் இல்லை. பிடித்தவன் விட்டுவிட்டான், அவ்வளவுதான்.

எதிர்ப்புச் சக்தி என்றால் கூடக் கூட நல்லது என்று நான் நினைத்திருந்தேன். சம்பளம் மாதிரி. அந்த அரைப் பக்கம் படித்த பிறகுதான் தெரிந்தது, அது ஆடவும் வேண்டும், அதைப் பிடிக்கவும் வேண்டும். பிடி ரொம்ப இறுகினாலும் ஆபத்து. சில புற்றுநோய்க் கட்டிகள் இந்தப் பிடிக்கிற செல்களைத் தங்களைச் சுற்றி நிறுத்திக்கொண்டு அடி வாங்காமல் தப்பித்துக்கொள்கின்றனவாம். உன்னுடைய நோயில் பிடி தளர்ந்துவிடுகிறது. ஏன் தளர்கிறது என்று முழுதாக இன்னும் தெரியவில்லை என்றும் எழுதியிருந்தது. அப்படி ஒளிக்காமல் எழுதியிருந்தது எனக்குப் பிடித்திருந்தது. அந்தச் செல்களை வெளியே வளர்த்து நோயாளிக்குத் திரும்ப ஏற்றலாமா என்று இப்போது பரிசோதித்துக்கொண்டிருக்கிறார்களாம். வரட்டும். அதுவரைக்கும் உன் துண்டைப் பிடித்துக்கொண்டிருப்பது அந்த மாத்திரைகள்தான்.

இனி சுற்ற முடியாது. கொரோனா வந்து எல்லாம் மூடியபோது நீ ஹாஸ்டலில் இருந்து வீட்டுக்கு வந்தாய். கன்னத்தில் சிவப்பு, விரலெல்லாம் வலி, பாதி நாள் படுக்கை. மாத்திரைகளை அட்டையில் இருந்து பிரித்து ஒரு டப்பாவில் போட்டு வைத்தாய். அம்மாவுக்கு எழுத்து தெரியாது, நிறத்தையும் அளவையும் பார்த்து எடுப்பாள் என்பதற்காக. காலையில் நீ கஞ்சி குடித்ததும் அவள் எண்ணி உன் கையில் கொடுப்பாள். அந்த நாட்களில் தெருவில் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு, எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுங்கள், கூட்டுங்கள் என்று சொல்லிக்கொண்டே போனார்கள். வீட்டுக்கு வீடு கஷாயம் கொடுத்தார்கள். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள்தான் முதலில் சாவார்கள் என்று எல்லா வாயிலும் இதே பேச்சு. ஒரு நாள் நீ வெள்ளை மாத்திரையைப் பிரித்துவிட்டுத் தூக்கிப்போட்ட வெற்று அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய், என்னோடு மூட்டை தூக்குகிற பையன் ஒருவனிடம் கொடுத்து, இது எதற்கு என்று போனில் பார்க்கச் சொன்னேன். அவன் பார்த்துவிட்டு, "அண்ணே, இது ஒடம்புல எதிர்ப்பு சக்திய கொறைக்கிற மாத்திரைன்னு போட்டுக்குது" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. அதில் போட்டிருந்ததைத்தான் சொன்னான்.

ஊரே கூட்டச் சொல்கிறது, என் பிள்ளைக்குக் குறைக்கிற மாத்திரையை நாங்களே தினமும் கொடுக்கிறோம். உன்னிடம் கேட்டால் டாக்டர் சொன்னது என்பாய். உன் அம்மாவிடம் சொன்னால் உன்னிடம் சொல்வாள். மறுநாள் மருந்துக் கடைக்குப் போனேன். டப்பாவில் இருந்த சின்ன வெள்ளை மாத்திரையில் ஒன்றைக் காட்டி, "இதே மாதிரி வெள்ளையா, நடுவுல கோடு போட்டு, சத்து மாத்திரை இருக்குதா தம்பி?" என்று கேட்டேன். கேட்டவன் நான். என்ன காரணத்துக்கு என்று கடைக்காரருக்குத் தெரியாது. நீங்கள் இருவரும் தூங்கிக்கொண்டிருந்த ஒரு மதியம், டப்பாவில் இருந்த வெள்ளை மாத்திரைகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு, வாங்கி வந்ததைப் போட்டேன். எடுத்ததைக் கிணற்றில் கொட்டினேன். உன் அம்மா மூன்று வாரம், தெரியாமல், அந்தச் சத்து மாத்திரையைத்தான் எண்ணி எண்ணி உன் கையில் கொடுத்தாள். படிக்கத் தெரிந்திருந்தால் செய்திருக்க மாட்டேன் என்று சொல்லலாம். அதே டப்பாவின் அடியில் ஆஸ்பத்திரியில் கொடுத்த தமிழ்க் காகிதம் ஒன்றை நீ மடித்து வைத்திருந்தாய். இந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, உயிருக்கு ஆபத்து என்று அதில் இருக்கிறது. மாத்திரையைப் பொறுக்கும்போது அந்தக் காகிதம் என் விரலில் பட்டது. ஆனால் படிக்கத் தெரியாதது மட்டும் காரணம் இல்லை. உன்னைக் கேட்டிருக்கலாம். நீ பக்கத்து அறையில்தான் இருந்தாய். கேட்டால் வேண்டாம் என்பாய் என்று தெரிந்துதான் கேட்கவில்லை.

அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். கால் வீங்கியது, முகம் வீங்கியது, சிறுநீர் நுரைத்தது, ஒரு காலையில் உன்னால் எழுந்து உட்கார முடியவில்லை. பாஸ் வாங்கி, வண்டி பிடித்து, பாண்டிச்சேரிக்குப் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. சிறுநீரகத்தில் அடி விழுந்துவிட்டது என்றார்கள். டாக்டர் டப்பாவை வாங்கி உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தார். "இது அந்த மாத்திரை இல்லையே. யாரும்மா குடுத்தது?" என்றார். உன் அம்மா அந்த மாத்திரைகளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். என் முகத்திலேயே எழுதியிருந்திருக்கும், அதைப் படிக்க அவளுக்குப் பள்ளிக்கூடம் தேவையில்லை. "நான்தான் சார். எனக்குப் படிக்கத் தெரியாது. மாறிப்போச்சி" என்றாள். நான் வாயைத் திறந்தேன். அவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். நான் மூடிக்கொண்டேன். நீ படுக்கையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாய்.

அதற்கு ஒரு மாதம் முன்னால் அவள், "இந்த மாத்திரைய துன்னுதான் புள்ள மூஞ்சி ஊதிப்போச்சி. மலையனூர் ஆத்தாகிட்ட ஒரு நடை போயிட்டு வரலாம்" என்று சொன்னது உனக்கு ஞாபகம் இருந்தது. அதனால் மாறிப்போனது இல்லை, மாற்றினாள் என்று நீ முடிவு கட்டினாய். அவள் ஒரு நாளும் மறுக்கவில்லை. நான் ஒரு நாளும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். நீ தினமும் எனக்குப் போன் செய்வாய். சாப்டியா நைனா என்று கேட்பாய். அதை இழக்க எனக்கு மனசில்லை. என் பங்கு சந்தோஷத்தை அவள் பங்கில் இருந்து எடுத்துத் தின்றுகொண்டிருந்தேன். இருபத்திரண்டு வருஷம் இன்னொருத்தன் துண்டைப் பிடித்துக்கொண்டு ஓடியவன், என் பிள்ளை உடம்பைப் பிடித்துக்கொண்டிருந்ததை என் கையாலேயே அவிழ்த்துவிட்டேன். அதற்குப் பிறகு, உன் கோபம் அவள் மேல் விழும்போதெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றேன். இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேறு யாரிடமாவது சொல்லி எழுதச் சொல்லவும் முடியாது. நான் பள்ளிக்கூடம் போனதற்கு இதுதான் காரணம். முதல் நாளே அந்தத் தமிழ்க் காகிதத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டுதான் போனேன். அதை யார் உதவியும் இல்லாமல் படித்து முடிக்க ஐந்து மாதம் ஆனது.

நீ என்மேல் கோபப்படு. அது நியாயம். எவ்வளவு நாள் வேண்டுமானாலும் வைத்துக்கொள். ஆனால் இந்தப் பிரசவத்துக்கு உன் அம்மாவைக் கூப்பிட்டுக்கொள். டீச்சரிடம் நீ மாசமாக இருப்பதைச் சொன்னேன். அவர் தேடிப் பார்த்து எனக்கு இன்னொன்று வாசித்துக் காட்டினார். வயிற்றில் இருக்கும் பிள்ளை பாதி மாப்பிள்ளை வீட்டுக்காரர் அல்லவா, தாயின் உடம்புக்கு அது வெளியாள்தான். அதை வெளியாள் என்று அடித்து விரட்டாமல் பத்து மாதம் வைத்துக் காப்பாற்ற உடம்பு பல ஏற்பாடு செய்கிறதாம், அதில் இந்தப் பிடிக்கிற செல்களும் உண்டாம். உனக்கு அந்தப் பிடி இயல்பிலேயே தளர்வு. அதனால்தான் நோய் அடங்கியிருக்கும் காலம் பார்த்துப் பிள்ளை பெற்றுக்கொள் என்று டாக்டர் உன்னை இரண்டு வருஷம் காக்கவைத்தார். இப்போது உனக்கு ஆள் தேவை. சம்பளத்துக்கு வருகிறவர் கால் வீங்கியிருக்கிறது என்று சொல்வார். உன் அம்மா, வீங்கப் போகிறது என்று நீ நடக்கிற நடையைப் பார்த்தே சொல்வாள். அந்தத் தடவையும் முதலில் கவனித்தவள் அவள்தான். நான்தான் இரண்டு நாளில் சரியாகிவிடும் என்றேன்.

இன்னொன்று. மாத்திரையை இனி அட்டையில் இருந்து பிரித்து வைக்காதே. சாப்பிடும் நேரத்தில் நீயே பேரைப் படித்து, நீயே பிரித்துப் போட்டுக்கொள். யாரையும் நம்ப வேண்டாம், முக்கியமாக என்னை. எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் பொடி, லேகியம் என்று அன்பாக யார் கொண்டுவந்தாலும் டாக்டரைக் கேட்காமல் வாயில் வைக்காதே. அன்பாகக் கொண்டுவருகிறவர்களைப் பார்த்துத்தான் கூடுதலாகப் பயப்பட வேண்டும் என்று நான் அனுபவத்தில் சொல்கிறேன்.

இதோடு முடித்துத் தபாலில் போடலாம் என்று இருந்தேன். ஆனால் அவளுக்குத் தெரியாமல் அனுப்பினால் அது இரண்டாவது திருட்டுத்தனம் ஆகிவிடும் என்று பட்டது. இன்று மதியம் அவள் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். நான் நோட்டோடு போய் உட்கார்ந்தேன். "நாலு நாளா இன்னாய்யா எழுதிக்கினே இருக்க? சொத்து எழுதுறியா? யாருக்கு, எனக்கா?" என்றாள். படித்துக் காட்டுகிறேன், கேள் என்றேன். எழுத்துக் கூட்டிப் படித்து முடிக்க ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். வீமன் வந்த இடத்தில் சிரித்தாள். மருந்துக் கடை வந்ததும் உரிப்பதை நிறுத்திவிட்டாள்.

படித்து முடித்ததும், "இத்த அனுப்பாத" என்றாள்.

"ஏன்?"

"ஆஸ்பத்திரியில நான் எதுக்குப் பொய் சொன்னேன்? நீ மொகம் செத்துப்போயி நின்ன. ரெண்டு பேருல ஒருத்தராவது அவளுக்கு மிச்சம் இருக்கட்டும்னுதான் சொன்னேன். இப்ப உன்னையும் வேணாம்னுட்டா அவ யாருக்குப் போன் பண்ணுவா?"

"உனக்குப் பண்ணட்டும்."

"பண்ணுவா, பண்ணுவா. அஞ்சு வருஷமா பண்ணிக்கினுதான கீறா." மல்லாட்டைத் தோலைத் தட்டி முந்தானையை உதறினாள். எழுந்து போகப் போகிறாள் என்று நினைத்தேன். மறுபடி உட்கார்ந்தாள். "சரி, அனுப்பு. ஆனா ஒண்ணு சேத்து எழுது. அம்மா பாவம், அம்மா நல்லவன்னு நீயா எதுனா எழுதி வைக்காத. நான் கோவமா இருக்கேன்னு எழுது. பெத்தவ கொடுக்கறதுல என்னா கலந்துக்குதோன்னு அவ நெனச்சா பாரு, அந்தக் கோவம். அது அவ மூஞ்சிக்கு நேராதான் சொல்லணும், போன்ல ஆவாது. சொல்லி முடிச்சிட்டு ரெண்டு மாசமும் கூட இருப்பேன். எந்த பஸ்ஸுல வரணும்னு மட்டும் சொல்லச் சொல்லு."

அவள் சொன்னபடியே எழுதிவிட்டேன். திரும்பப் படித்துக் காட்டச் சொன்னாள், காட்டினேன். ஒரு வார்த்தையும் மாற்றவில்லை.

நீ பதில் எழுதினாலும் எழுதாவிட்டாலும் அடுத்த செவ்வாய்க்கிழமை நான் உனக்கு எழுதுவேன். எழுத்து இதைவிடக் கொஞ்சம் நேராக இருக்கும். போன் மட்டும் இனி என்னிடம் இருக்காது. இந்தக் கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்ததும் அதை உன் அம்மாவிடம் கொடுத்துவிடப் போகிறேன். நீ அடித்தால் அவள்தான் எடுப்பாள்.

உன் நைனா